கழுவிக் காயவைத்த ரயில் பாதை

மாதவராஜை நான் முதன்முதலாகப் பார்த்த சாயங்காலம் அவர் கட்டிலில் படுத்துக்கொண்டு ரயில் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டு கேட்கிற நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். டிவி தெரியாத மூலையில் படுத்துக்கொண்டு சீரியல் வசனம் மட்டும் கேட்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர் கண்ணை மூடிக்கொண்டு, பின்னறையிலிருந்து வந்த ஒரு சின்ன ரயிலின் சத்தத்தைக் கேட்டார். தகர டப்பாவை நகத்தால் தட்டுவது போன்ற கடகட. நடுவில் ஒரு சேவல் கூவியது. பிறகு சத்தம் நின்று, யாரோ முனகுவது போல் கேட்டு, மறுபடியும் கடகட. எல்லாம் ஓய்ந்ததும் அவர் மனைவி சுகுணா பின்னறையிலிருந்து வந்து கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாளும் போட்டாள்.

"ஓட்டிட்டேங்க."

"நல்லா ஓடுச்சா?"

"ஜம்முனு ஓடுச்சுங்க."

அவர் தலையை ஆட்டினார். வாயின் வலது ஓரம் தொங்கிப் போயிருந்ததால் சிரித்தாரா இல்லையா என்று சொல்ல முடியவில்லை.

பக்கவாதம் வந்தவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். நர்ஸ் இல்லை. எல்லோரும் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. நல்லம்பள்ளிப் பக்கம் இருந்த அவர்கள் வீட்டுக்குக் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவேன். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியது ஒன்றுதான்: வலது காலில் இன்னும் உயிர் இருக்கிறது, நடக்க வைத்தால் நடப்பார். முதல் சில மாதங்களில் கால் எவ்வளவு கற்றுக்கொள்கிறதோ அவ்வளவுதான். அந்த மாதங்களைக் கட்டிலில் கழித்தால் பாதம் தொங்கி இறுகிவிடும். அப்புறம் யார் வந்தாலும் பயன் இல்லை. என்னைக் கூப்பிட்டது அதற்குத்தான்.

மாதவராஜுக்குத் தொழில் மோட்டார் காயில் கட்டுவது. பாலக்கோட்டில் தக்காளி மண்டிக்குப் போகிற சாலையில் கடை. போர்வெல் மோட்டார் எரிந்துபோனால் சுற்று வட்டாரத்தில் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். செடி வாடுகிறது என்று ஒரு விவசாயி வந்து நின்றுவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த மோட்டாரை முடித்துக் கொடுத்துவிட்டுத்தான் டிபன் பாக்ஸைத் திறப்பார். பிரஷர் மாத்திரையைப் பாதியில் நிறுத்தினதும் இப்படித்தான். வேலை இருந்தது, மறந்தது, மறந்தும் ஒன்றும் ஆகவில்லை, அதனால் விட்டுவிட்டார். இதே கதையை எத்தனையோ வீடுகளில் கேட்டிருக்கிறேன்.

ரயில் விஷயம் மட்டும் எந்த வீட்டிலும் கேட்டதில்லை. அதை அவரே சொன்னார். நாக்கு குழறினாலும் ரயிலைப் பற்றிப் பேசும்போது வார்த்தைகள் தேடாமல் வந்தன. ஒகேனக்கல் போகிற வழியில் ஒரு பெங்களூர்க்காரர் மகனுடைய ரயில் பொம்மையைக் கடையில் கொடுத்துவிட்டு, திரும்பும்போது வாங்கிக்கொள்கிறேன் என்று போனாராம். திரும்பும்போது வேறு வழியில் போய்விட்டார் போல. பொம்மை அலமாரியில் கிடந்தது. ஒரு மழை நாளில் கரண்ட் வந்து வந்து போக, வேலை ஓடாமல், அதை எடுத்துப் பிரித்துச் சரிசெய்து மேசை மேல் ஓட்டிப் பார்த்தார். அன்றைக்குப் பிடித்தது இந்த ரயில் பைத்தியம். பெங்களூரின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போய்ப் பழைய தண்டவாளத் துண்டுகள் வாங்கி வந்தார். பின்னறையில் நாலு பலகைகளைச் சேர்த்துப் போட்டு, சிவாடி ஸ்டேஷன், முத்தம்பட்டி மலை, அதில் ஒரு சுரங்கம், ஒரு பாலம், பாலக்கோடு ஸ்டேஷன் என்று ஒவ்வொன்றாகச் செய்தார். கடையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு ஒரு சுற்று ஓட்டாமல் சாப்பிட உட்கார மாட்டாராம்.

"எத்தன தடவ நாசமாப் போயிருக்குது தெரியுமா?" என்று பெருமையாகக் கேட்டார். "மொத மலைய மைதாப் பசையும் பேப்பரும் வெச்சுக் கட்டினேன். எலி உள்ள பூந்து மலையத் தின்னுடுச்சு. சொரங்கத்துக்குள்ள குட்டி வேற போட்டுடுச்சு. ரயிலு உள்ள போச்சு, வெளிய வரல."

"அப்புறம்?"

"அப்புறம் புத்துமண்ணுல கட்டினேன். எலி தின்னாது பாருங்க. இவ என்னா பண்ணா, தக்காளி வெல எறங்கி அவ தம்பி கூடை கூடையாக் கொண்டாந்து போட்டானா, அதைத் தூக்கிப் பாலக்கோடு ஸ்டேஷன் மேலயே அடுக்கிட்டா. கூரை பொளந்து போச்சு."

"நெசமான பாலக்கோட்டுலயும் தக்காளிய அங்கதான அடுக்குறாங்க," என்றாள் சுகுணா, துணி மடித்துக்கொண்டே.

ஜல்லிக்கு என்ன போட்டார் என்று கேட்டேன். தண்டவாளத்துக்கு நடுவே பசை தடவி அதன் மேல் ராகியைத் தூவியிருக்கிறார். அளவும் அந்தத் துருப்பிடித்த நிறமும் நிஜ ஜல்லி மாதிரியே இருக்கும் என்றார். வீட்டில் மூட்டையாகக் கிடப்பதை விட்டுவிட்டு வேறு எதைத் தேடிப் போவது?

கால் விஷயத்துக்கு வருகிறேன். படுத்தபடி செய்கிற பயிற்சியெல்லாம் ஒழுங்காகச் செய்தார். உட்காரக் கற்றார், பிடித்துக்கொண்டு நிற்கக் கற்றார். வாக்கரைக் கொடுத்து, வாங்க தம்பி, பாத்ரூம் வரைக்கும் போய் வருவோம் என்றால் மட்டும், இன்னிக்கு ஒடம்பு அசதியா இருக்குதுங்க என்று படுத்துவிடுவார். சரி, நோயாளி அப்படித்தான். ஆனால் சுகுணாவும் ஓடி வந்து குறுக்கே நின்றாள்.

"இன்னிக்கு வேணாங்க்கா. மூஞ்சி வாடியிருக்குது."

"நேத்தும் இதத்தான் சொன்ன."

"நான் பெட்பேன் வெக்கிறேங்க்கா. எனக்கு ஒண்ணும் கஷ்டம் இல்ல."

இங்கேதான் எனக்குச் சந்தேகம் தட்டியது. எத்தனையோ மனைவிமார்களைப் பார்த்திருக்கிறேன். புருஷன் தானாக எழுந்து பாத்ரூம் போகிற நாளைச் சாமியிடம் வேண்டிக்கொள்கிறவர்கள்தான் எல்லோரும். பெட்பேன் எனக்குக் கஷ்டமே இல்லை என்று சொன்ன முதல் பெண் இவள்தான். பாத்ரூமுக்குப் போகிற வழி அந்தப் பின்னறைக் கதவை ஒட்டித்தான் போனது. கதவு எப்போதும் தாழிட்டே இருந்தது.

அவள் ரேஷன் கடைக்குப் போயிருந்த ஒரு காலையில் படுக்கை விரிப்புகளை அலசிக் காயப்போட மாடிக்குப் போனேன். வழக்கமாக அந்த வாளியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு அவளே ஏறுவாள். மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நீலத் தார்ப்பாய் ஒன்று விரித்து, மேலே செங்கல் வைத்திருந்தது. ஒரு ஓரத்தைத் தூக்கினேன்.

நாலு பலகைகள். பிளைவுட் ஊறி, அப்பளம் போல் உப்பி, அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. தண்டவாளம் துருவேறியிருந்தது. மலை இருந்த இடத்தில் கொஞ்சம் சேறு. அட்டையில் செய்த சிவாடி ஸ்டேஷன் நசுங்கிக் கிடந்தது. தண்டவாளத்தின் நெடுகிலும், வளைவுகளில் வளைந்து, பாலத்தில் ஏறி இறங்கி, ராகி முளைத்திருந்தது. தார்ப்பாய்க்கு அடியில் வெளிறிய மஞ்சளாக. தார்ப்பாய் கிழிந்து வெயில் பட்ட இடத்தில் மட்டும் நல்ல பச்சையாக, விரல் உயரத்துக்கு. என்ஜின் ஒரு பிளாஸ்டிக் வடிகூடையில், அரிசி களைந்து வைத்தது மாதிரி, குப்புறக் கிடந்தது.

விரிப்பைக் காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தேன். சுகுணா ரேஷன் பையோடு வந்ததும் சமையலறைக்குள் கூட்டிப் போய்க் கேட்டேன். அவள் மறைக்கவில்லை. மறைத்து மறைத்து அவளுக்கே களைப்பாக இருந்திருக்கும்.

அவர் தர்மபுரியில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது சுகுணா கூடவே இருந்தாள். ஏரியூரிலிருந்து அவருடைய அக்கா சின்னம்மாள் வந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் திரும்புவதற்கு முன்னால் வீட்டை மேலிருந்து கீழ் வரை கழுவிவிடுவது எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்வதுதான். நோயை வாசலுக்கு வெளியே தள்ளுகிற வேலை அது. சின்னம்மாள் மோட்டாரைப் போட்டு, ஹோஸைப் பிடித்து, சுவர், தரை, சாமி படம், ஜன்னல் எல்லாவற்றையும் கழுவினார். பின்னறைக்கு வந்தார். அங்கே தம்பி ஆசையாகச் செய்து வைத்திருந்த ரயில் தூசி படிந்து கிடந்தது. அதையும் சோப்புத்தூள் போட்டுக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, காயட்டும் என்று பலகைகளைக் கழற்றச் சொல்லி ஆள் வைத்து மாடிக்கு ஏற்றினார். அன்றைக்கு நல்ல வெயில். பலகை பிளந்தது. மறுநாளிலிருந்து கோடை மழை.

"வந்து பாத்தா இந்தக் கோலம். அண்ணிகிட்ட என்னான்னு கேக்கறது? அவங்க கையெல்லாம் சோப்புல வெந்து போயிருந்துச்சுக்கா. 'எப்புடி, பளபளன்னு ஆக்கிட்டனா'ன்னு கேக்கறாங்க."

"அவருகிட்ட ஏன் சொல்லல?"

"டாக்டரு அதிர்ச்சியான சேதி எதையும் சொல்லாதீங்கன்னாரு. இவரு கண்ணு முழிச்சதும் கேட்டது ரயிலத்தான். நல்லா இருக்குதுன்னுட்டேன். வூட்டுக்கு வந்ததும் ஓட்டிக் காட்டு, கேக்கறேன்னாரு. வெண்மதி எப்பவோ வீடியோ புடிச்சு வெச்சிருந்தா. கதவச் சாத்திக்கிட்டு செல்லுல அதத்தான் போட்டு வுடறேன்."

வெண்மதி அவர்கள் மகள். ஓசூரில் வேலை.

"எந்திரிச்சு நடந்தாருன்னா அந்தக் கதவத்தான மொதல்ல தெறப்பாரு," என்றாள். "அதாங்க்கா."

"அதுக்காகக் கால வுட்டுடலாமா?"

அவள் ரேஷன் சர்க்கரையை டப்பாவில் கொட்டினாள்.

"அவரு கேட்டா நான் பொய் சொல்ல மாட்டேன் சுகுணா. கேக்காத வரைக்கும் என் வேலை கால் மட்டுந்தான்," என்றேன்.

அவர் கேட்கவில்லை. நடக்கவும் இல்லை. தினமும் சாயங்காலம் ரயில் மட்டும் ஓடியது.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது சின்னம்மாள் ஏரியூரிலிருந்து பஸ் ஏறி, ஆட்டுக்கால் வாங்கிக்கொண்டு வந்தார். கருத்த, உயரமான மனுஷி. உள்ளே வந்த உடனே குரல் வீட்டை நிறைத்தது.

"என்னடா மாதவா, இன்னும் கெடையாத்தான் கெடக்குறியா? ஆட்டுக்காலு சூப்பு வெச்சுக் குடிச்சா எந்திரிச்சு ஓடுவ. ஏம்மா நர்சு, நீ என்னாத்த நடக்க வெக்கிற?"

"உங்க தம்பி வந்தாத்தான," என்றேன்.

"வராம என்ன? செவுத்தோரம் கீழ போட்டு வெச்ச ஏணி மாதிரி படுத்தே கெடப்பானா?" சேலை முந்தானையால் தம்பியின் நெற்றியைத் துடைத்துவிட்டு அடுத்த வார்த்தையைச் சொன்னார். "ஆமா, உன் ரயிலப் பாத்தியா? எம்மாந் தூசி! பொம்பள இருக்கற வூடா அது? சோப்புப் போட்டுக் கழுவி வெச்சேன்."

சமையலறை வாசலில் சுகுணா கையில் கரண்டியோடு நின்றாள். நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். என் வேலையில் முகம் பார்ப்பது பழக்கம்.

"பாத்தேங்க்கா," என்றார் மாதவராஜ். "பளபளன்னு இருக்குது."

"மலை மட்டும் கரைஞ்சு போச்சுடா."

"மண்ணுதானக்கா. கெடக்குது வுடு."

சுகுணாவுக்கு உயிர் வந்தது. அக்காவுக்கு ஏதோ சமாதானம் சொல்கிறார் என்று அவள் நினைத்தாளோ என்னவோ, உள்ளே போய்விட்டாள். எனக்கு மட்டும் உறைத்தது. வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அந்த அறையை எட்டிப் பார்த்ததே இல்லை. மலை கரைந்துபோனது அப்போதுதான் தெரிந்திருந்தால் முகம் மாறியிருக்க வேண்டும். மாறவே இல்லை.

சூப் குடித்து, சின்னம்மாளும் பஸ்ஸுக்குக் கிளம்பி, சுகுணா அவரை வழியனுப்பப் போனபோது, நான் எண்ணெய் எடுத்துக்கொண்டு அவர் காலடியில் உட்கார்ந்தேன்.

"எப்பத் தெரியும் தம்பி?"

"எதுங்க?"

"சுகுணா வர்றதுக்குள்ள சொல்லுங்க."

மேலே ஃபேனைப் பார்த்தார். "மொத நாளே தெரியும் நர்சம்மா. நடுவுல ஒரு சேவலு கூவுதே, கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"தெனமும் அதே எடத்துல கூவுது. அது பக்கத்து வூட்டு பச்சியப்பன் சேவலு. போன ஆடியிலயே அறுத்துட்டாங்க. நானும் ரெண்டு துண்டு தின்னேன்."

எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவரும் சிரித்தார். இந்தத் தடவை சிரிப்புதான் என்று தெரிந்தது.

"அப்புறம் ரயிலு ஒரு எடத்துல நிக்குது பாருங்க. பாலம் தாண்டி, மூணாவது பலகையும் நாலாவது பலகையும் சேர்ற எடம். அங்க எப்பவும் நிக்கும். வெரலால ஒரு தள்ளு குடுக்கணும். அப்ப ஒரு கொரலு, 'போ கண்ணு, போ'ங்குது. அது என் கொரலு. வாய் கோணாத கொரலு."

அந்த முனகலைச் சுகுணாவின் குரல் என்று நான் நினைத்திருந்தேன். அவருடைய பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடித்தபடி கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொன்னா அவ அழுவா. எங்க அக்காளுக்குத் தெரிஞ்சா அதுவும் அழுவும். ரெண்டு பேரும் இப்பத்தான் சண்ட இல்லாம இருக்கறாங்க. அதுவும் இல்லாம, படுத்திருந்தா ரயிலு இருக்குது. எந்திரிச்சுப் போய்ப் பாத்தா இல்ல."

ஆக, ஒருத்தி காட்டக் கூடாது என்று படுக்க வைத்தாள். இன்னொருவர் பார்க்கக் கூடாது என்று படுத்துக்கொண்டார். இரண்டு பேருடைய பிரியத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு கெட்டுப்போவது ஒரு கால். எனக்குக் கோபம்தான் வந்தது.

"இல்லன்னு யாரு சொன்னது? மாடியில இருக்குது. பலகை நல்லா இல்ல. மலை இல்ல. ஸ்டேஷன் நசுங்கிப் போச்சு. ஆனா மொளச்சிருக்குது."

"என்னாது?"

"உங்க ஜல்லி. ராகி மொளச்சு நிக்குது, ரயிலு பாதை நெடுக."

அவர் தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். "பச்சையாவா?"

"வெயில் பட்ட எடத்துல பச்சை. தார்ப்பாய்க்கு அடியில மஞ்சள்."

"எவ்வளவு ஒசரம்?"

விரலைக் காட்டினேன். அவர் தொண்டையில் ஏதோ சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து முதுகைத் தாங்கப் போனேன். சிரிப்புதான். கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது, வாயின் ஓரத்திலிருந்தும் வந்தது. துண்டால் இரண்டையும் துடைத்துவிட்டேன்.

"பாக்கணும் நர்சம்மா."

"பாருங்க. ஆனா கட்டிலுக்கு ஒண்ணும் வராது. நீங்கதான் வரணும்."

சுகுணா திரும்பியதும் அவர் காதுபடவே எல்லாவற்றையும் சொன்னேன். குசுகுசுவென்று பேசுவதால் ஒரு வீட்டில் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று எனக்குத்தான் தெரியும். அவள் அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"தெரிஞ்சுக்கிட்டேதான் தெனமும் 'நல்லா ஓடுச்சா, நல்லா ஓடுச்சா'ன்னு கேட்டீங்களா?"

"நீ கஷ்டப்பட்டு ஓட்டுறியே, கேக்காம இருந்தா நல்லாவா இருக்கும்?"

"செத்த கோழிய வெச்சு என்னையக் கண்டுபுடிச்சிருக்கீங்க."

"கோழியில்ல. சேவலு."

அவள் அவருடைய இடது தோளில் ஒரு குத்து விட்டாள். வலது தோளில் விடாமல் பார்த்துக்கொண்டாள். அதைக் கவனித்தேன்.

மறுநாள் காலையில் பச்சியப்பனும் அவர் மனைவி நிர்மலாவும் வந்து பலகைகளை மாடியிலிருந்து இறக்கிக் கொடுத்தார்கள். பின்னறையில், பழைய மரக்கால்களின் மேலேயே போட்டோம். ஈரம் காய ஃபேனைப் போட்டுவிட்டு வந்தேன். ராகியில் கை வைக்க வேண்டாம் என்று சுகுணாவிடம் சொன்னேன்.

பிறகு அவரை எழுப்பினேன். இடுப்பில் பருத்திப் புடவையை மடித்துக் கட்டி, பின்னால் பிடித்துக்கொண்டு, அவருடைய வலப்பக்கம் நின்றேன். விழுந்தால் அந்தப் பக்கம்தான் விழுவார். வாக்கர், வலது கால், இடது கால். வலது காலைத் தூக்காமல் பக்கவாட்டில் சுற்றிப் போட்டார். முட்டியை மடக்கித் தூக்குங்க என்றேன். தூக்கினார். கூடத்து நாற்காலியில் ஒரு முறை உட்கார்ந்து மூச்சு வாங்கினார். பின்னறை வாசலில் நிலைப்படி கொஞ்சம் உயரம். அதன் முன்னால் நின்று, மாடு ஓடையைப் பார்ப்பது போல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகுணா உள்ளே நின்று கையை நீட்டினாள். "அவரே தாண்டட்டும், நீ எடத்த வுடு," என்றேன். வலது கால் முதல் தடவை நிலைப்படியில் இடித்தது. இரண்டாம் தடவை தாண்டியது.

ஸ்டூலில் உட்கார வைத்தேன். இடது கையால் பிளைவுட்டின் உரிந்த அடுக்கைத் தூக்கிப் பார்த்தார். மலை இருந்த இடத்தைத் தொட்டுப் பார்த்தார். சுகுணா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அதிர்ச்சிக்குப் பயந்து நானும் நாடியில் விரல் வைத்திருந்தேன். நாடி சீராகத்தான் ஓடியது.

"வெள்ளாம நல்லா வந்திருக்குது," என்றார் கடைசியில். "அறுத்தா ஒரு உருண்டை களி ஆகும்."

அன்றைக்கே எனக்கு வேலை சுலபமாகிவிட்டது. பக்கவாதக் கைக்குப் பயறு பொறுக்கச் சொல்லிப் பயிற்சி கொடுப்போம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர வேண்டும். பெரியவர்களுக்கு அதைவிட அலுப்பான வேலை கிடையாது. இவருக்கு முளைத்த ராகியைப் பிடுங்கக் கொடுத்தேன், வலது கையால் மட்டும். முதலில் வேரோடு வராமல் இலை மட்டும் அறுந்து வந்தது. திட்டிக்கொண்டே பிடுங்கினார். தினமும் காலையில் நான் வருவதற்குள் அவரே வாக்கரைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

அடுத்த தடவை சின்னம்மாள் வந்தபோது தம்பி கட்டிலில் இல்லை. பின்னறையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். அக்கா பலகையைப் பார்த்தார், தண்டவாளத்தைப் பார்த்தார், மிச்சமிருந்த ராகியைப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"நான் கழுவினதாலயாடா இப்புடி ஆச்சு?"

"மழையால ஆச்சுக்கா."

"பொய் பேசாத. உனக்கு வாயி கோணினாலும் பொய்யி மட்டும் நேராத்தான் வருது." கண்ணைத் துடைத்துக்கொண்டு உடனே குரலை உயர்த்தினார். "மொளைக்கிறத வெச்சு எவனாவது ரயிலு பாதை போடுவானாடா? தண்ணி பட்டா மொளைக்காம என்ன பண்ணும்? தள்ளு, நான் புடுங்கறேன்."

"நீ கைய மட்டும் வெக்காதக்கா."

கை வைக்காமல் அவரால் இருக்க முடியுமா? மறுவாரமே பழைய பேப்பரை ஊறவைத்து, வெந்தயத்தோடு சேர்த்து அரைத்து ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்தார். முறத்துக்கும் கூடைக்கும் பூசுகிற அதே கூழ். அதைக் கம்பி வலையின் மேல் அப்பி முத்தம்பட்டி மலையைக் கட்டிக் கொடுத்தார். வெந்தயக் கசப்புக்கு எலி வராது என்றார். நிஜ மலையை அவர் பஸ்ஸிலிருந்துதான் பார்த்திருக்கிறார். அதனால் அது பார்ப்பதற்குப் பெரிய மாட்டுத் திமில் மாதிரி இருந்தது. யாரும் குறை சொல்லவில்லை.

என்ஜினைச் சரி செய்தது சுகுணா. கல்யாணமான புதிதில் கடையில் உட்கார்ந்து காயில் சுற்றிக் கொடுத்தவள் அவள். குட்டி மோட்டாரை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் துருவெடுத்து, அறுந்த கம்பியைப் பற்றவைத்தாள். அவர் ஸ்டூலிலிருந்து இங்க புடி, அங்க தொடு என்று உயிரை எடுத்தார்.

"பேசாம இருங்க. இல்லன்னா செல்லுல போட்டு வுட்டுருவேன்," என்றாள்.

பலகைக்கு அடியில் புதுச் சட்டம் அடித்து, தண்டவாளத்தை உப்புத்தாளால் தேய்த்து, ஜல்லிக்கு இந்த முறை மரத்தூளை வறுத்துப் போட்டார்கள். ஸ்டேஷனை மட்டும் மாதவராஜ் வலது கையால் ஒட்டினார். சிவாடி கொஞ்சம் சாய்ந்து நின்றது.

ஆடி பிறந்திருந்த ஒரு சாயங்காலம், நான் கிளம்புகிற நேரம், சுவிட்சைப் போட்டார்கள். அவர் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். வாக்கர் வாசலோரம் இருந்தது. ரயில் சிவாடியிலிருந்து கிளம்பி, சின்னம்மாளின் மலைக்குள் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது. பாலத்தில் ஏறி இறங்கியது. பலகைகள் சேருகிற இடத்துக்கு வந்ததும் நின்றது.

அந்த இடம் அவருக்கு நேர் எதிர்ப்பக்கம். சுகுணா பக்கத்தில்தான் இருந்தாள், விரலை நீட்டினாள். நான் அவள் கையைப் பிடித்து இறக்கினேன்.

"அக்கா, அவரு வாக்கர் எட்ட இருக்குது."

"இருக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார், ரயிலைப் பார்த்தார். இடது கையால் பலகையின் விளிம்பைப் பிடித்து எழுந்தார். நான் பின்னாலேயே போனேன், தொடவில்லை. பாலக்கோட்டைச் சுற்றி, மலையைச் சுற்றி, விளிம்பைப் பிடித்தபடி நடந்து வந்தார். வலது கால் இழுத்தது, ஆனால் முட்டி மடங்கியது. ரயிலுக்குப் பக்கத்தில் வந்து நின்று, வலது கையைத் தூக்கினார். விரல் நடுங்கிக்கொண்டே போய் என்ஜினின் முதுகைத் தொட்டது.

"போ கண்ணு, போ," என்றார்.

குழறலாகத்தான் வந்தது. ரயில் போனது.

"வந்து உக்காருங்க," என்றாள் சுகுணா.

"இரு. இப்பத் திரும்பி வரும்."

அவர் அங்கேயே நின்றார். ரயில் சுற்றி வந்து அதே இடத்தில் மாட்டியது. மறுபடியும் தள்ளினார். அந்தப் பலகைகளைச் சமமாக்கி இந்தக் கோளாறை ஒழித்துவிட வேண்டும் என்று சுகுணாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வாசலில் செருப்பைப் போடும்போது அவளைக் கூப்பிட்டேன். என்ன பிடிவாதம் பிடித்தாலும், அந்த ஓர் இடத்தை மட்டும் அவர் சரி செய்ய விடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.